மிதிவண்டித் தொலைவு

நுழையும்முன்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயில்வோர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. வீட்டிற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட வழி அதனால் சுருங்குகிறது. இம்மாணவர்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பணி தேடிப் பெருநகரம் செல்வர். ஊரில் வீடு பிறப்போடு வந்தது. நகரிலோ அதைத் தேடித் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எந்தப் பகுதியில், எவ்வளவு வாடகையில், பணியிடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் என்னும் வினாக்கள் ஒருங்கே எழும். மிதிவண்டியில் பணிக்குச் செல்ல விரும்பும் ஒருவர் இவ்வினாக்களை எவ்வாறு அணுகலாம் என்பதைச் சென்னை மாநகரைக் களமாகக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

அரைமணி நேர வட்டம்

மனிதர் நாள்தோறும் பயணத்திற்காகச் செலவிட மனமொப்பும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைத்தார். போவதற்கு அரைமணி, வருவதற்கு அரைமணி. நடந்து சென்ற காலத்திலும் வண்டி ஏறிச் சென்ற காலத்திலும் இந்த அளவு பெரிதும் மாறவில்லை. வேகம் கூடக்கூட ஊர்தான் விரிந்தது என்பது அவரது கருத்து.

இந்த அரைமணியைக் கொண்டு ஒரு கணக்கிடலாம். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் செல்வார் எனக் கொண்டால் அரைமணியில் இரண்டரை கிலோமீட்டர் கடப்பார். நகரச் சாலையில் நிதானமாக மிதிப்பவர் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்வார். அரைமணியில் ஏழரை கிலோமீட்டர். தொலைவு மூன்று மடங்கு என்றால், பணியிடத்தை மையமாக வைத்து வரையும் வட்டத்தின் பரப்பு ஒன்பது மடங்கு ஆகிறது. ஏழரை கிலோமீட்டர் ஆரமுடைய வட்டத்தின் பரப்பு சுமார் 177 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டு விரிவாக்கப்படுவதற்கு முன் சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர்தான். பழைய சென்னை முழுவதற்கும் இணையான நிலப்பரப்பு ஒரு மிதிவண்டியின் அரைமணிக்குள் அடங்கிவிடுகிறது என்பது வியப்புக்குரியது.

சென்னையின் நிலமும் இதற்கு இசைவானது. கடலோரச் சமவெளி ஆதலால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு; பல்சக்கர வண்டி தேவையில்லை. பரங்கிமலையை விட்டுவிட்டால், மிதிவண்டியில் செல்வோர்க்குச் சென்னையின் மலைகள் மேம்பாலங்களே.

ஆயினும் இவ்வட்டம் தாளில் வரைந்த வட்டம். சாலைகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஆறும் இருப்புப்பாதையும் குறுக்கே கிடக்கின்றன. உண்மையான வட்டம் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் நறுக்கப்பட்டும் கிடக்கும். வீடு தேடுபவர் அறிய வேண்டியது இந்தக் கோணல் வடிவத்தையே.

வாடகையும் வழியும்

நகர மையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல வாடகை குறையும் என்பது பொதுவான போக்கு. ஒரு நகரைச் சுற்றியுள்ள விளைநிலங்களின் குத்தகை மதிப்பு, சந்தைக்குப் பொருள் கொண்டுசெல்லும் தொலைவைப் பொறுத்துக் குறைவதை ஜெர்மானியப் பொருளியல் அறிஞர் ஃபான் தூனன் 1826ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அக்கருத்தை நகரின் வீட்டுமனைகளுக்குப் பொருத்தி வில்லியம் அலோன்சோ 1964இல் நூல் எழுதினார். வாடகையில் மிச்சமாவது பயணத்தில் செலவாகிறது என்பதே இருவர் கருத்தின் சாரம்.

மிதிவண்டி வந்ததும் இந்தக் கணக்கு ஏமாற்றத் தொடங்குகிறது. பயணச் செலவு கைப்பணமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. எரிபொருள் இல்லை, பயணச்சீட்டு இல்லை. எனவே எவ்வளவு தொலைவில் இருந்தாலும் வாடகை குறைந்தால் இலாபமே என்று தோன்றும். எடுத்துக்காட்டாக, பணியிடத்திலிருந்து 3 கிலோமீட்டரில் ஓர் அறை மாதம் 9,000 ரூபாய் என்றும், 12 கிலோமீட்டரில் அதுபோன்ற அறை 6,000 ரூபாய் என்றும் கொள்வோம். மிச்சம் 3,000 ரூபாய். முதல் வீட்டிலிருந்து பணியிடம் சேர 12 நிமிடம். இரண்டாம் வீட்டிலிருந்து 48 நிமிடம். ஒருவழிக்கு 36 நிமிடம் கூடுதல். நாளொன்றுக்கு 72 நிமிடம். மாதத்தில் 25 வேலைநாள் என்றால் 30 மணி நேரம். அதாவது, அந்த இளைஞர் மணிக்கு 100 ரூபாய் கூலிக்குத் தம் காலையே வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த முப்பது மணியில் மிகைநேரப் பணி செய்து இதைவிடக் கூடுதலாக ஈட்ட முடியுமா, மாலை நேரக் கல்லூரிக்குச் செல்ல முடியுமா, தேர்வுக்குப் படிக்க முடியுமா என்பவை அவரவர் விடை காண வேண்டியவை. சிலருக்கு அந்த 3,000 ரூபாய் ஊரில் இருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவாக இருக்கலாம். அவர்க்கு இந்தக் கணக்கு வேறுவிதமாகவே முடியும்.

உடலின் கணக்கு ஒன்றும் உண்டு. 3 கிலோமீட்டர் மிதித்து வருபவர் நாற்காலியில் அமர்ந்து உடனே பணியைத் தொடங்கலாம். 12 கிலோமீட்டர் மிதித்து வருபவர்க்குச் சென்னையின் வெயிலில் முகம் கழுவவும் உடை மாற்றவும் இடம் வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பணிபுரியும் துணிக்கடை ஊழியர்க்கும் பட்டறைத் தொழிலாளர்க்கும் மாலையில் அந்த 12 கிலோமீட்டர் காலையில் இருந்ததைவிட நீண்டதாகவே இருக்கும்.

ஆறு குறுக்கிடும் இடம்

1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டையில் ஒருவர்க்கு வேலை கிடைத்திருக்கிறது எனக் கொள்வோம். வடக்கே அடையாறு ஓடுகிறது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர் ஆகியவை ஆற்றின் வடகரையில் உள்ளன. ஈக்காட்டுத்தாங்கல் தென்கரையில், தொழிற்பேட்டையை ஒட்டியே உள்ளது. தென்கிழக்கே ஆதம்பாக்கமும் வேளச்சேரியும். அவற்றிற்குச் செல்லக் கடற்கரை – தாம்பரம் இருப்புப்பாதையைக் கடக்க வேண்டும். மேற்கே இராமாபுரமும் போரூரும். அவற்றிற்குச் செல்லக் கத்திப்பாராச் சந்திப்பைத் தாண்ட வேண்டும். 2008இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் நான்கு பெருஞ்சாலைகளின் ஊர்திகளை நிற்காமல் செலுத்துவதற்காகக் கட்டப்பட்டது. நிற்காமல் விரையும் ஊர்திகளுக்கு இடையே மிதிவண்டியில் குறுக்கே செல்பவர்தான் நின்று நின்று செல்ல நேர்கிறது.

வடகரையில் குடியேறுபவர் முதலில் பார்க்க வேண்டியது பாலம். வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையே ஆறு இருந்தால், அவ்விரண்டையும் இணைப்பது நேர்க்கோடு அன்று. வீட்டிலிருந்து பாலம், பாலத்திலிருந்து பணியிடம் என்னும் இரு கோடுகள். ஆற்றங்கரை ஓரமாக அமைந்த, நிலப்படத்தில் மிக அருகில் தோன்றும் வீடு, பாலம் சுற்றி வருகையில் இரு மடங்கு தொலைவாகிவிடக் கூடும். மேலும், ஆற்றின் அக்கரையில் வாழ்வோர் அனைவரும் அதே பாலத்தையே நாடுவதால், நகரின் நெரிசல் முழுவதும் அங்கே குவிகிறது.

சைதாப்பேட்டையையும் சின்னமலையையும் இணைக்கும் மறைமலையடிகள் பாலத்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அவ்விடத்தில் முதல் பாலத்தை 1726ஆம் ஆண்டு தம் சொந்தப் பொருளைக் கொண்டு கட்டுவித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என அது வழங்கப்பட்டது. பரங்கிமலைக்குச் செல்லும் அடியார்கள் அதுவரை ஆற்றில் இறங்கியே கடக்க வேண்டியிருந்தது. அதே இடத்தில் இன்று நிற்கும் புதிய பாலத்தின் வழியாகவே வடகரையின் மிதிவண்டிகள் பல கிண்டிக்கு வருகின்றன.

இருப்புப்பாதையும் ஆற்றைப் போன்றதே. மேற்கு மாம்பலத்தில் வசித்துத் தியாகராய நகர்க் கடைவீதியில் பணிபுரிபவர்க்கு இடைத்தொலைவு மிகக் குறைவு. ஆனால் நடுவே தண்டவாளம். துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை ஆகியவற்றின் வழியே ஊர்திகள் செல்கின்றன. பெருமழை பெய்தால் சுரங்கப்பாதைகளில் நீர் தேங்கி வழி அடைக்கப்படும். அன்று அதே வீடு தொலைவான வீடு. நடந்து செல்பவர் தொடர்வண்டி நிலையத்தின் படிகளில் ஏறி இறங்கிவிடலாம்; மிதிவண்டியோடு வருபவர் அதைத் தோளில் சுமந்தாக வேண்டும்.

கதிரும் காற்றும்

வீடு பணியிடத்திற்குக் கிழக்கே உள்ளதா, மேற்கே உள்ளதா என்று பேருந்தில் செல்வோர் கேட்பதில்லை. மிதிவண்டியில் செல்வோர்க்கு அது முதன்மையான வினா.

கிண்டியில் பணிபுரியும் ஒருவர் மேற்கே போரூரில் குடியிருந்தால், காலையில் கிழக்கு நோக்கி வருவார். இளவெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் மேற்கு நோக்கித் திரும்புவார். சாயும் கதிர் கண்ணைக் கூசச் செய்யும். எதிரே வரும் ஊர்தியும் சாலையின் பள்ளமும் தெரியாத அளவிற்கு அக்கூச்சம் சில நாள்களில் மிகும். கிழக்கே அடையாற்றுப் பகுதியில் குடியிருப்பவர்க்கு நிலைமை நேர்மாறானது. காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் செல்வதால் இருவேளையும் கதிரவன் அவர் முதுகுப்புறத்திலேயே இருப்பான். சர்தார் பட்டேல் சாலையில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய மரநிழலும் அவர்க்குக் கிடைக்கும். வெயிலை மட்டும் கருதினால் கிழக்கே குடியிருப்பதே நன்று.

காற்று இதற்கு உடன்படுவதில்லை. கிழக்கிலிருந்து வீசுவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் தமிழர் பெயரிட்டு வழங்கினர். உழவரும் பரதவரும் அறிந்திருந்த அந்த வேறுபாட்டை இன்றைய நகரத்தில் மிதிவண்டியில் செல்பவர் தம் முழங்காலால் அறிகிறார். மே, சூன் மாதங்களில் சென்னையின் காலைப்பொழுதில் வறண்ட மேல்காற்று வீசும். நண்பகலுக்குப் பின் பெரும்பாலான நாள்களில் கடற்காற்று உள்ளே நுழையும். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் ஏற்படும் அழுத்த வேறுபாடே அதற்குக் காரணம். போரூரிலிருந்து வருபவரைக் காலையில் மேல்காற்றுப் பின்னிருந்து தள்ளும். மாலையில் கடற்காற்றுப் பின்னிருந்து தள்ளும். அடையாற்றிலிருந்து வருபவர்க்கு இருவேளையும் எதிர்காற்று. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நிலை மாறும். காலையில் கிழக்கு நோக்கி வருபவர் அப்போது காற்றை எதிர்த்தே மிதிக்க வேண்டும்.

ஆக, கோடைக்காலத்தில் கதிரவன் கிழக்கே குடியிருக்கச் சொல்கிறான். காற்று மேற்கே குடியிருக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. கண் கூசுவதைத் தாங்க முடியாதவர் கிழக்கையும், மூச்சு வாங்குவதைத் தாங்க முடியாதவர் மேற்கையும் நாடலாம். பணிநேரம் இரவாக இருப்பவர்க்குக் கதிரவனைப் பற்றிய கவலையே இல்லை. அவர் கவலை தெருவிளக்கு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஏராளமான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவ்வழி வந்த இன்றைய இளம்பெண் ஒருவர் நகரில் வீடு தேடும்போது, அகன்ற ஆளற்ற சாலையைவிடக் கடைகள் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் குறுகிய தெருவே பாதுகாப்பானதாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அந்த வழியே குறுக்குவழி.

நீர் நின்ற நிலம்

மிகக் குறைந்த வாடகையில், பணியிடத்திற்கு மிக அருகில் வீடு கிடைக்கிறது என்றால், அதன் காரணத்தை ஆராய்வது நல்லது. பல வேளைகளில் ஊர்ப்பெயரே காரணத்தைச் சொல்லிவிடும். தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களில் அது வாழ்கிறது. தியாகராய நகர், நுங்கம்பாக்கத்தை ஒட்டி நீண்டு கிடந்த பேரேரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட பகுதி. ஏரி மறைந்து நூறாண்டு ஆன பின்னும் மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலை லேக் வியூ சாலை என்றே வழங்கப்படுகிறது. பெயரை மாற்றினாலும் பள்ளம் மாறுவதில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய ஆற்றோரப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வேளச்சேரியும் நீரில் மூழ்கியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கு மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. அதன் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் வடிநிலம் ஆகும். 2022இல் அது பன்னாட்டுச் சிறப்புப் பெற்ற ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே மிதிவண்டிக்காரர்க்கு ஒரு முரண் காத்திருக்கிறது. தரைத்தளத்தில் வீடு இருந்தால் வண்டியை வாயிலிலேயே நிறுத்தலாம். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அதுவே. மாடியில் இருந்தால் நீருக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் வண்டியை ஒவ்வொரு நாளும் படியேற்ற வேண்டும், அல்லது தெருவில் விட்டுத் திருட்டுக்கு அஞ்ச வேண்டும். அடுக்ககங்கள் பலவற்றில் மகிழுந்துக்கு எண் எழுதி இடம் ஒதுக்கியிருப்பர். மிதிவண்டிக்குப் படிக்கட்டின் அடியிடமும் மறுக்கப்படுவது உண்டு. வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுவது முறை. மழைநாளில் மிதிவண்டியை எடுக்க இயலாது என்பதால் நடந்துசெல்லும் தொலைவில் பேருந்து நிறுத்தம் இருப்பதும் தேவை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. அவர்களுக்கு அந்நாள் கூடுதல் செலவின்றிக் கழியும்.

திறக்காத கதவுகள்

வட்டத்திற்குள் இருக்கும் வீடுகள் எல்லாம் எல்லார்க்கும் கிடைப்பதில்லை. மணமாகாதவர் என்பதால், உண்ணும் உணவால், சில இடங்களில் சாதியாலும் மதத்தாலும் கதவுகள் சாத்தப்படுகின்றன. ‘என்ன ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?’ என்னும் வினாக்கள் எப்போதும் அன்பினால் மட்டுமே கேட்கப்படுவன அல்ல. தனித்து வாழும் இளைஞர்க்கு நெடுங்காலமாகப் புகலிடமாக இருப்பவை திருவல்லிக்கேணியின் ‘மேன்ஷன்’ எனப்படும் அறை விடுதிகள். பணியிடம் கிண்டியில் இருக்க, அறை திருவல்லிக்கேணியில்தான் கிடைக்கிறது என்றால், அந்தக் கூடுதல் தொலைவை வகுத்தது ஆறும் இல்லை, இருப்புப்பாதையும் இல்லை. நகரின் நிலப்படத்தில் இடம்பெறாத இந்தத் தடையையும் பலர் நாள்தோறும் மிதித்தே கடக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இருதரப்பும் வேறாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுநாளாக இருந்துவந்தது.

முன்பணம் கொடுக்குமுன்

முன்பணம் கொடுத்தபின் வீடு மாறுவது எளிதன்று. எனவே கொடுப்பதற்கு முன்பே அவ்வழியில் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலோர் வீடு பார்க்கச் செல்வது ஞாயிற்றுக்கிழமை. அன்று அண்ணா சாலைகூட அடங்கிக் கிடக்கும். கத்திப்பாராவும் கனிவு காட்டும். அந்த நாளில் அளந்த தொலைவு திங்கட்கிழமைக்குப் பொருந்தாது. பணிக்குச் செல்லும் அதே நேரத்தில் வீட்டிலிருந்து பணியிடத்திற்கும், பணி முடியும் அதே நேரத்தில் திரும்பியும் ஒரு வேலைநாளில் சென்று வருவதே சரியான அளவை. ஒருவழிச் சாலைகள் மிகுந்த நகரில் காலையில் சென்ற வழியே மாலையில் திரும்ப முடியாமல் போகலாம். அப்போது ஒரே வீட்டிற்கு இரண்டு தொலைவுகள்.

அவ்வாறு செல்லும்போது வழியில் காற்றடிக்கும் கடை எங்கே உள்ளது, காலையில் அது எப்போது திறக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். பள்ளி விடும் நேரத்தில் எந்தத் தெரு அடைபடுகிறது, குப்பை வண்டி எங்கே நிற்கிறது என்பவையும் ஒரே பயணத்தில் தெரிந்துவிடும். எஞ்சுவது நீரைப் பற்றிய வினா மட்டுமே. அதை வீட்டு உரிமையாளரிடம் கேட்பதைவிடத் தெருமுனைத் தேநீர்க் கடையில் கேட்பது பயன் தரும். வெள்ளம் எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் நின்றது, எதுவரை ஏறியது என்பதைக் கடைக்காரர் சுவரில் கைவைத்தே காட்டுவார்.